ஒரே பிளைவுட் பலகையில் ஒரு சாமி மாடம்

கடையில் வாங்கும் பூஜை மாடங்கள் பலவற்றில் விளக்கை மாடத்துக்குள்ளேயே ஏற்ற வேண்டியிருக்கும். சுடருக்கு நேர் மேலே கூரைப் பலகை. சில மாதங்களில் அந்தப் பலகையின் அடிப்பக்கம் பழுப்பேறும், பிறகு வார்னிஷ் கொப்பளிக்கும். கீழே நல்லெண்ணெய் சொட்டிச் சொட்டி மரத்துக்குள் ஊறிப்போகும். உப்புத்தாள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. வீட்டில் நாமே மாடம் செய்வதன் பெரிய பயன் இதைத் தவிர்க்க முடிவதுதான். ஆகவே இந்த மாடத்தில் விளக்குக்கென்று ஒரு தனித் தட்டு இருக்கிறது. ஏற்றும்போது முன்னால் இழுத்துக்கொள்ளலாம். அப்போது சுடருக்கு மேலே மரமே இருக்காது. அணைந்து ஆறியபின் விளக்கை எடுத்துவிட்டு, தட்டை உள்ளே தள்ளிவிடலாம்.

அகலம் 600 மி.மீ., ஆழம் சுமார் 400, உயரம் 1200. கீழிருந்து மேலாக: 50 மி.மீ. அடிச்சட்டம், கதவு போட்ட அறை, உள்உயரம் 432, விளக்குத் தட்டுக்கான இடைவெளி 120, அதன்மேல் முன்பக்கம் திறந்த சந்நிதி, உள்உயரம் 526. இவற்றுக்கு இடையே 18 மி.மீ. கிடைப்பலகைகள் நான்கு. சாமி படம் வைக்கும் மேடை தரையிலிருந்து 656 மி.மீ. உயரத்தில் வரும். சம்மணமிட்டு உட்கார்ந்து கும்பிடுகிறவர்களுக்கு இது சரியாக இருக்கும். நின்று கும்பிடும் வீடென்றால் கீழ் அறையை 350 மி.மீ. உயர்த்தலாம். ஆனால் அப்போது பக்கப்பலகைகள் 1500 ஆகிவிடும், இரண்டாவது பிளைவுட் வாங்க நேரும்.

மரம் வாங்குவது

18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று 2440 × 1220 அளவில் வரும், எடை ஏறக்குறைய 30 கிலோ. பல அடுக்குமாடி புளோக்குகளின் மின்தூக்கியில் அது முழுதாக நுழையாது. மரக்கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளானாலும் பலகை அறுத்துத் தரும் மற்றக் கடைகளானாலும், பெரிய மேசை ரம்பத்தில் அறுத்தால் விளிம்பு நேராக வரும். வீட்டில் கைரம்பத்தால் 1150 நீளத்துக்கு அறுப்பது வீண் உழைப்பு, சத்தத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

தேக்கு வினியர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய பிளைவுட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை, இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் திருகு பிடிக்காது. ஃபார்மால்டிஹைடு குறைந்த ஈ0 அல்லது ஈ1 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். மூடிய அறையில் தினமும் அதற்கு முன்னால் உட்காரப் போகிறீர்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விலை குறைவுதான், ஆனால் ஈரம் பட்ட விளிம்பு உப்பிவிடும். பூவில் தெளித்த தண்ணீரே அதற்குப் போதும். இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

வெட்டுப் பட்டியல் இதோ. முதல் எண்தான் மரரேகை ஓடும் திசை. கடைக்காரரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதவில் ரேகை குறுக்கே ஓடும்.

பக்கப்பலகை: 1150 × 400, இரண்டு
கிடைப்பலகை: 564 × 400, நான்கு
கதவு: 456 × 298, இரண்டு
விளக்குத் தட்டு: 538 × 350, ஒன்று
தட்டின் பக்கச் சட்டம்: 350 × 60, இரண்டு
தட்டின் பின்சட்டம்: 502 × 60, ஒன்று
தட்டின் முகப்பு: 558 × 98, ஒன்று
சாமிப் படி: 540 × 150 ஒன்று, 540 × 100 ஒன்று

பலகையை முதலில் நீளவாக்கில் 400 அகலமுள்ள மூன்று பட்டைகளாக அறுத்தால் எல்லாம் அடங்கிவிடும். முதல் பட்டையில் பக்கப்பலகைகள், இரண்டாவதில் நான்கு கிடைப்பலகைகள், மூன்றாவதில் மற்றவை. கதவுக்குப் பக்கத்தில் மிஞ்சும் ஒல்லியான துண்டில் பின்சட்டமும் ஒரு பக்கச் சட்டமும் வரும். முதல் இரண்டு பட்டைகளின் நுனித்துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், படிக்கு உள்தாங்கி செய்ய அவை வேண்டும். முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் 1150 × 600 தனியாக வாங்குங்கள்.

இவற்றோடு வேண்டியவை: முன்விளிம்புக்கு 6 மி.மீ. தடிப்பில் தேக்குப் பட்டை 5 மீட்டர் (20 அகலம், ஒட்டியபின் இழைத்துச் சமன்படுத்தலாம்), அடிச்சட்டத்துக்கு 50 × 20 கடினமரம் 2 மீட்டர், முழுதாக நீளும் பந்துவகை ஸ்லைடு (தட்டு ஓடும் இரும்புத் தடம்) 350 மி.மீ. ஒரு ஜோடி, 35 மி.மீ. கிண்ணக் கீல் நான்கு, ‘முழு மேல்படிவு’ வகை (கதவு பக்கப்பலகையின் விளிம்பை மூடி நிற்கும்), 4 × 45 எவர்சில்வர் திருகு 30, 10 மி.மீ. தேக்கு மூடி 24. ஈரம் தாங்கும் டி3 தர மரப்பசை அரை லிட்டர். சாதாரணத் திருகில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இங்குள்ள ஈரத்தில் அது துருப்பிடித்து, தேக்கில் கறுப்புத் தழும்பு விடும்.

காற்றிலுள்ள ஈரம்

சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் சராசரியாக 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. விடியற்காலையில் 90ஐத் தாண்டும், வெயில் அடிக்கும் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். இந்தக் காற்றில் கிடக்கும் மரம் கிட்டத்தட்ட 15 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். குளிர்சாதனம் நெடுநேரம் ஓடும் அறையில் அது 10, 11க்கு இறங்கும். 400 மி.மீ. அகலமுள்ள முழுத்தேக்குப் பலகை இந்த வேறுபாட்டில் 4 மி.மீ. வரை சுருங்கும். மேடைக்கு முழுமரம் போடலாமே என்று ஆசைப்பட்டு அதை இருபுறமும் பசைவைத்து இறுக்கினால் ஒருநாள் நடுவில் பிளக்கும். பசையோ மரமோ மட்டமென்று அப்போது பழி சொல்வதில் பொருளில்லை, அசைய இடம் கொடுக்காததுதான் காரணம். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்திருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. முழுமரமே வேண்டுமென்றால் முன்பக்கத்தை மட்டும் ஒட்டி, பின்பக்கத்தில் நீள்துளையிட்டுத் திருகுங்கள்.

வெட்டிய பலகைகளை வைக்கப்போகும் அறையிலேயே ஒரு வாரம் விடுங்கள். ஓட்டுத்தரையில் படுக்கப்போடாமல், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே தடிப்புள்ள மூன்று குச்சிகள் வைத்து அடுக்குங்கள், எல்லாப் பக்கமும் காற்று படட்டும்.

வீட்டுக்கு வெளியே நடைவழியில் அடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தீ நேர்ந்தால் தப்பிக்கும் வழி அது. 1.2 மீட்டர் இடைவெளி எப்போதும் இருக்கவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. நேரமும் முக்கியம்: வீட்டுப் புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதிப்பது திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. நம்முடையது பொழுதுபோக்குதான் என்றாலும் துளையிடுவதையும் சுத்தியல் வேலையையும் அந்த நேரத்துக்குள் முடியுங்கள். ஒட்டுவது, கையால் தேய்ப்பது, பூசுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற வேலை.

கருவிகள் அதிகம் வேண்டாம். பேட்டரி டிரில், மூலைமட்டம், 12 மி.மீ. உளி, சிறிய இழைப்புளி, நுண்பல் இழுரம்பம், 35 மி.மீ. கிண்ணத்துளை அலகு, 800 மி.மீ. நீளக் கிளாம்ப் நான்கு. கிளாம்பு மட்டும் குறையக் கூடாது. இரண்டை வைத்துக்கொண்டு சமாளித்தால் பெட்டி கோணலாகவே ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி கட்டுவது

முதலில் தேக்கு விளிம்புப் பட்டைகள். பக்கப்பலகை, கிடைப்பலகை ஆறின் முன்விளிம்பிலும் ஒட்டவேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் பசை வழுக்கும். ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோன் நனைத்த துணியால் பட்டையின் ஒட்டும் பக்கத்தைத் துடைத்து, அது உலர்ந்ததும் உடனே பசை தடவுங்கள். ஒரு மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும். பிறகு இழைப்புளியால் பலகையோடு சமமாக இழையுங்கள். வினியரின் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இழைப்புளி ஒருமுறை சாய்ந்தால் கீழ் அடுக்கு தெரிந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. கடைசி மயிரிழையை இழைப்புளிக்கு விடாமல், 180 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் எட்ஜ் டேப்பைக் கதவுக்கும் தட்டின் முகப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்குச் சூடும் எண்ணெயும் படும் இடத்தில் அது பெயர்ந்துவரும்.

இரண்டு பக்கப்பலகைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, முன்விளிம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஒரே நேரத்தில் கோடு போடுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு கட்டாயம் வரும். கீழ்நுனியிலிருந்து கிடைப்பலகைகளின் அடிக்கோடு 0, 450, 588, 1132. ஸ்லைடின் நடுக்கோடு 503. பலகைகள் படுத்திருக்கும் இப்போதே ஸ்லைடுகளைத் திருகிவிடுங்கள், எழுப்பியபின் 120 மி.மீ. இடைவெளிக்குள் கை போகாது. ஸ்லைடின் முன்நுனி தேக்குப் பட்டையின் முகத்திலிருந்து 18 மி.மீ. உள்ளே இருக்கவேண்டும், அங்கேதான் முகப்புப் பலகை உட்காரும்.

ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகு: இரு ஓரங்களிலிருந்தும் 50 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டு, நடுவில் ஒன்று. பக்கப்பலகையின் வெளிமுகத்தில் 10 மி.மீ. அகலக் குழி 7 மி.மீ. ஆழத்துக்கு, அதன்வழியே 4 மி.மீ. துளை. கிடைப்பலகையின் விளிம்பில் 2.5 மி.மீ. வழித்துளை, 35 ஆழம். வழித்துளை இல்லாமல் திருகினால் பிளைவுட் விளிம்பு பிளந்து உப்பும். பிறகு மூட்டு என்ன செய்தாலும் இறுகாது.

பசை இல்லாமல் ஒருமுறை முழுதும் பூட்டிப் பாருங்கள். எட்டு மூட்டுகளுக்குப் பசை தடவி முடிப்பதற்குள், மின்விசிறிக் காற்றில் முதல் மூட்டின் பசை தோல்கட்டிவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு பக்கப்பலகையின் நான்கு மூட்டுகளை முதலில் ஒட்டுங்கள், மறுபக்கத்தை அடுத்து. இறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு மூலைவிட்டமும் சுமார் 1297 மி.மீ. வரவேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 1 மி.மீ.க்குள் இருந்தால் போதும். கூடுதல் என்றால், நீளமான மூலைவிட்டத்தின் திசையில் ஒரு கிளாம்பைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறுக்குங்கள். முதுகுப் பலகையை அப்போதே பசைவைத்து, 150 மி.மீ.க்கு ஒன்றாகச் சிறு திருகு போட்டால் சதுரம் நிலைத்துவிடும். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைக்கத் தோன்றும். வினியரில் அது பரவி, வார்னிஷ் ஏறாத வெள்ளைத் திட்டாக நிற்கும். இருபது நிமிடம் விட்டு, ரப்பர்போல் ஆனதும் உளியால் சீவி எடுங்கள்.

திருகுக்குழிகளில் தேக்கு மூடிகளைப் பசைவைத்து, ரேகை ஒத்துப்போகும்படி தட்டுங்கள். மறுநாள் இழுரம்பத்தால் அறுத்துச் சமன்படுத்தலாம். அடிச்சட்டம் முன்பக்கத்திலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தால் கால்விரல் இடிக்காது. தரை துடைக்கும் தண்ணீர் பிளைவுட்டைத் தொடாமல் காப்பதும் இந்த அடிச்சட்டம்தான். அதன் அடிமுகத்தில் வார்னிஷ் தாராளமாக ஏறட்டும்.

விளக்குத் தட்டு

கணினி மேசையில் தட்டச்சுப்பலகைத் தட்டு நீளுமே, அதே அமைப்பு. தட்டு மேலே, பக்கச் சட்டங்கள் அதன் அடியில் ஓரத்தோடு ஓரமாக, பின்சட்டம் அவற்றுக்கு நடுவே. ஸ்லைடின் மறுபாதியைச் சட்டத்தின் நடுக்கோட்டில், அதாவது 30 மி.மீ. உயரத்தில் திருகவேண்டும்.

பந்துவகை ஸ்லைடு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடம் கேட்கும். ஆகவே தட்டின் வெளியகலம் திறப்பைவிட 26 மி.மீ. குறைவு: 564க்கு 538. இந்தக் கணக்கு ஒரு மில்லிமீட்டருக்குமேல் பிசகக் கூடாது. தட்டு அகலமானால் பாதிவழியில் சிக்கும், ஒல்லியானால் ஸ்லைடு ஆடி, பந்துகள் தடம் விலகும். ஆகவே பெட்டி ஒட்டிக் காய்ந்தபின் திறப்பை முன்னாலும் பின்னாலும் அளந்துவிட்டே தட்டைப் பூட்டுங்கள். அகலமாக இருந்தால் இழைப்புளி, ஒல்லியாக இருந்தால் ஸ்லைடுக்குப் பின்னால் தடித்த அட்டை. இன்னொன்று: ‘18 மி.மீ.’ பிளைவுட் உண்மையில் பல நேரம் 17.5தான் இருக்கும். பின்சட்டத்தை 502 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாமல், கையிலிருக்கும் பலகையின் தடிப்பை அளந்து வெட்டுங்கள்.

தட்டின்மேல் இடம், வலம், பின்பக்கம் மூன்றிலும் 10 × 15 மரவரம்பு ஒட்டுங்கள். நடுவே 516 × 338 அளவில் கருங்கல் அல்லது பீங்கான் ஓடு, 10 மி.மீ. தடிப்புக்குள். கருங்கல்லென்றால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஸ்லைடு எளிதாகத் தாங்கும். ஓட்டை சிலிகோன் பொட்டுகள்மேல் உட்காரவைத்து, சுற்றியுள்ள 1 மி.மீ. இடைவெளியையும் சிலிகோனால் அடையுங்கள். இந்த இடைவெளிதான் எண்ணெய் கீழே இறங்கும் வழி. முகப்பு 98 மி.மீ. மட்டுமே என்பதால் மேலே ஒரு விரல் நுழையும் சந்து கிடைக்கும். கைப்பிடி தேவையில்லை, சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்ளவும் ஒன்றும் நீட்டிக்கொண்டிராது.

விளக்கை முழுதாக நீட்டிய தட்டின் நடுவில் வையுங்கள். மாடத்தின் முன்விளிம்பிலிருந்து 170 மி.மீ. தள்ளி நிற்கும். கற்பூரமும் அங்கேயே, பித்தளைத் தட்டில். சந்நிதிக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் 12 வோல்ட் எல்இடி பட்டை போதும். அதன் அடாப்டரில் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா பாருங்கள், சுவர் மின்கம்பியில் நீங்களே கைவைக்காதீர்கள்.

கதவு

கீல் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை, ஆழம் 12.5, கதவு ஓரத்திலிருந்து கிண்ணத்தின் விளிம்பு 4 மி.மீ. கிண்ணத்தின் மையம் மேல், கீழ் ஓரங்களிலிருந்து 80. டிரில் அலகின் நடுமுள் மறுபக்கம் எட்டிப்பார்க்காதபடி முதலில் மீதித் துண்டில் துளைத்துப் பாருங்கள். சின்ன மணிகள் தொங்கவிட ஆசை இருந்தால், மணிகளைக் கதவில் அல்லாமல் மேல்பலகையின் அடியில் மாட்டுங்கள். கதவில் மாட்டினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆடி, மரத்தை அவை தட்டும்.

பூச்சு

இதற்குத் தண்ணீர் கலந்த பாலியூரித்தேன், சாட்டின் வகை, மூன்று பூச்சு. அரக்கு வார்னிஷைத் தவிருங்கள். சூட்டில் இளகும், ஈரமான காற்றில் பூசினால் வெள்ளை மூட்டம் பிடிக்கும். பூசும் நேரம் மழையில்லாத பிற்பகல். 180, பிறகு 240 உப்புத்தாள், கையால் மட்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே டப்பாவில் எழுதியிருப்பதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்து, 320ஆல் லேசாகத் தடவித் தூசியைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். அடிப்பக்கம், உட்பக்கம், முதுகு எதையும் விடாதீர்கள். ஒரு முகத்தில் மட்டும் பூச்சு இருந்தால் மறுமுகம் ஈரத்தை உறிஞ்சிக் கதவு வளையும். குங்குமமும் மஞ்சளும் பூச்சில்லாத மரத்தில் பட்டால் நிரந்தரம். ஆகவே மேடைக்கும் படிக்கும் நான்காவது பூச்சு நல்லது. தேய்க்கும்போது மூக்கை என்95 முகக்கவசம் மூடியிருக்கட்டும். தேக்குத்தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் தரும்.

சிலர் ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சை விரும்புவார்கள், தேக்கின் நிறம் அழகாக எழும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால், உலரும்போதே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். குப்பைக் குழாயில் போட்டால் புளோக்கு முழுவதற்கும் ஆபத்து. துணியை விரித்துத் தனியாக உலரவிட்டு, விறைத்தபின், அல்லது தண்ணீரில் முழுதாக நனைத்து மூடிய தகர டப்பாவில் வைத்தபின் அகற்றுங்கள்.

சுவரோடு பிடிப்பது

தட்டு நீளும்போது எடை முன்னால் வருகிறது. ஒரு குழந்தை அதைப் பிடித்துத் தொங்கினால் மாடம் கவிழும், எரியும் விளக்கோடு. மேல்பலகையின் பின்னால் இரண்டு இரும்புக் கோணங்கள் வைத்து, 6 மி.மீ. சுவர்ச்செருகியில் திருகுங்கள். கான்கிரீட் சுவருக்குச் சுத்தியல் டிரில் வேண்டும். தட்டினால் டொக்டொக்கென்று உள்ளீடற்ற ஓசை வரும் தடுப்புச்சுவருக்கு அதற்கென்ற செருகி வேறு. அவசர காலத்தில் தஞ்சம் புகுவதற்கென்று வீட்டில் கட்டிய பாதுகாப்பு அறை இருந்தால், அதன் சுவரில் துளையிடக் கட்டுப்பாடுகள் உண்டு, அந்தச் சுவரைத் தவிர்த்து இடம் தேடுங்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே 20 மி.மீ. விட்டால் காற்றோடும், பூஞ்சை பிடிக்காது.

பழைய அலமாரியையே அடிப்பெட்டியாக்க நினைத்தால்

முதலில் கீழ்ப்பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். துகள்பலகை உப்பியிருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் பிளைவுட் வைக்கவேண்டும். அடியில் மாவுபோலத் தூளும் குண்டூசித் துளைகளும் இருந்தால் வண்டு அரிக்கிறது. அதைச் சாமி அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், பக்கத்து மரச்சாமான்களுக்கும் பரவும். திடமான தேக்கு என்றால் மறைவான இடத்தில் பழைய பூச்சைச் சோதியுங்கள்: ஸ்பிரிட் பட்டு ஒட்டினால் அரக்கு, ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர், இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன், உப்புத்தாள்தான் வழி. லாமினேட் ஒட்டிய அலமாரியை 240ஆல் மங்கும்வரை தேய்த்து, பிடிப்பு பிரைமர் பூசிவிட்டே பெயின்ட் அடியுங்கள். நேரே அடித்த பெயின்ட், முதல்முறை ஈரத்துணியால் துடைக்கும்போதே நகத்தோடு உரிந்துவரும். அந்த அலமாரியின் மேல்பலகை 15 மி.மீ. துகள்பலகையாக இருந்தால் விளக்குத் தட்டின் ஸ்லைடை அதில் தொங்கவிடாதீர்கள். பிளைவுட் பட்டை ஒன்றை உட்பக்கத்தில் ஒட்டித் திருகி, ஸ்லைடை அந்தப் பட்டையில் பூட்டுங்கள்.